ஆபரேஷன் தியேட்டரில் வீணாகும் மருந்து: நம்மூரில் இது பிரச்சினையே இல்லையா?

கேள்வி: கொடுமுடியான், 7 டிசம்பர் 2025

ஐரோப்பாவில் வரும் ஜனவரியிலிருந்து டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவுக்குத் தடையாம். பூமி சூடாகிறது என்று காரணம் சொல்கிறார்கள். என் வாதம் இது: இது முழுக்கப் பணக்கார நாட்டுக் கவலை. நம்மூரில் அந்த வாயுவைப் பார்த்தவர்களே குறைவு. பாதி ஆபரேஷன் முதுகில் ஊசி போட்டே முடிந்துவிடுகிறது. மருந்துக்கே காசு தேடுகிற ஊரில் மருந்தால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று பேசுவது வெட்டிப் பேச்சு. தியேட்டருக்குள் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

7 டிசம்பர், இரவு

பாதி சரி.

நான் மயக்க மருந்து டாக்டர். கூப்பிடுகிற நர்சிங் ஹோமுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ரகம். வாரத்தில் சில நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் லிஸ்ட் உண்டு. அதனால் வாயுவைக் கலந்து விடுகிற பழைய பாய்ல்ஸ் மயக்க மெஷினும் தெரியும், திரையில் எல்லாவற்றையும் காட்டுகிற ஒர்க்ஸ்டேஷனும் தெரியும்.

டெஸ்ஃப்ளூரேன் பற்றிச் சொன்னது சரிதான். விலை அதிகம். 23 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற மருந்து என்பதால், கரண்டில் சூடாக்கி அளந்து விடுகிற தனி வேப்பரைசர் வேண்டும். நான் போகிற நர்சிங் ஹோம் எதிலும் அது கிடையாது. ஸ்காட்லாந்து 2023-லேயே நிறுத்திவிட்டது, அதற்கடுத்த வருடம் இங்கிலாந்து. நம்மிடம் நிறுத்துவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்காக நம்மூரில் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. நம் பிரச்சினை நீலக் கலர் சிலிண்டரில் வரும் இன்னொரு மயக்க வாயுவில் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு. நாளைக்கு எழுதுகிறேன், காலையில் சீக்கிரம் ஒரு சிசேரியன்.

8 டிசம்பர்

சரி, கணக்கு.

மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்து உடம்பில் செலவாவது மிகக் கொஞ்சம். செவோஃப்ளூரேனில் 100-க்கு 2 முதல் 5 பங்கு ஈரலில் மாறும். ஐசோஃப்ளூரேனில் 0.2. டெஸ்ஃப்ளூரேனில் 0.02. நைட்ரஸ் மாறுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் உள்ளே போனது போனபடி மூச்சில் திரும்பி வந்து, ஜன்னலுக்கோ கூரைக்கோ போகிறது.

நூறு வருடக் கணக்கில், ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு சூடாக்குவதை 1 என்று வைத்தால் செவோ சுமார் 130, நைட்ரஸ் 265, ஐசோ 510, டெஸ் 2,540. இந்த வரிசையில் நைட்ரஸ் நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆனால் செவோவை 2 சதவீதம் கொடுக்கிறோம். நைட்ரஸை 50, 60 சதவீதம் கொடுக்கிறோம். பிடி அங்கேதான் இருக்கிறது.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு ஓட்டம் (ஃப்ளோ), ஒரு மணி நேரம் என்று நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். செவோ 2 சதவீதம் என்றால் சுமார் 10 கிராம் போகும். கார்பன் டை ஆக்சைடு கணக்கில் 1.3 கிலோ. ஐசோ 1.2 சதவீதம் என்றால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. டெஸ் 6 சதவீதம் என்றால் 60 கிலோவுக்கு மேல். இதே ஃப்ளோவில் பாதி நைட்ரஸ் சேர்த்தால், அந்த நைட்ரஸ் மட்டும் 14 கிலோ. அதாவது செவோவைச் செலவில்லாமல் நடத்த நைட்ரஸ் சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மிச்சப்படுத்தும் செவோவைப்போல இருபது மடங்குக்கும் மேல் வெளியே விடுகிறோம்.

இதுவும் புது மெஷின் கணக்குதான். நம்மூர் நர்சிங் ஹோமில் பாய்ல்ஸ் மெஷினோடு பெய்ன் சர்க்யூட் என்ற மூச்சுக் குழாய்தான். அதில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிற சோடாலைம் கிடையாது. நோயாளி விட்ட கார்பன் டை ஆக்சைடை அடித்துத் தள்ளுவதற்கே நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் வாயு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு டம்ளர் மோருக்குத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஆக்சிஜன் 2, நைட்ரஸ் 4 என்று வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் நைட்ரஸ் மட்டும் 115 கிலோ கணக்கைத் தொடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. 50 லிட்டர் பெட்ரோல்! என் காருக்கு ஒரு ஃபுல் டேங்க் அவ்வளவு பிடிக்காது.

ஒரு ஹெர்னியாவுக்கு.

8 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து

ஒருவர் தனிச் செய்தியில் கேட்டது: "அப்போ மயக்கமே கொடுக்காமல் அறுத்துவிடலாமா டாக்டர்?"

ஹெர்னியா உங்களுடையதாக இருந்தால் முயன்று பார்க்கலாம்.

9 டிசம்பர்

கொடுமுடியான் கேட்டிருக்கிறார், நைட்ரஸ் ஆக்சைடு வயலில் போடும் யூரியாவிலிருந்தும் கிளம்புகிறதே, ஆஸ்பத்திரியில் வருவது அதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று. உண்மை. மனிதன் கிளப்பிவிடும் நைட்ரஸில் பெரும்பகுதி விவசாயத்திலிருந்துதான் வருகிறது. உரம், சாணம். மருத்துவ நைட்ரஸ் அதன் பக்கத்தில் சின்னப் பங்கு.

ஆனால் யூரியாவை நிறுத்தினால் நெல் குறையும். நைட்ரஸை நிறுத்தினால் என் நோயாளிக்கு எதுவும் குறையாது. சொல்லப்போனால் ஆபரேஷன் முடிந்த பிறகு வாந்தி குறையும். குறைக்கிறதில் எது சுலபம் என்று பாருங்கள்.

12 டிசம்பர்

நைட்ரஸில் இன்னும் பெரிய கூத்து பாக்கி இருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கிற நைட்ரஸைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினேன். யாருக்குமே கொடுக்காமல் போகிற நைட்ரஸ் உண்டு.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மேனிஃபோல்டு ரூம் என்று ஒன்று கீழே இருக்கும். ஜம்போ சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, அங்கிருந்து செப்புக் குழாய் வழியாக ஒவ்வொரு தியேட்டருக்கும் வாயு ஏறும். ஸ்காட்லாந்தில் லோத்தியன் பகுதி ஆஸ்பத்திரிகளில் ஒரு மருந்தாளுநர் முன்னின்று கணக்கெடுத்தார். வாங்கிய நைட்ரஸ் எவ்வளவு, நோயாளிகளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிகப் பெரும்பகுதி யாரிடமும் போய்ச் சேரவில்லை. குழாய் இணைப்பிலும் வால்விலும் கசிந்தே போயிருக்கிறது. இப்போது பிரிட்டனில் மயக்கவியல் சங்கமே குழாயை மூடு, வேண்டுமென்றால் மெஷினில் ஒரு சின்ன சிலிண்டர் மாட்டிக்கொள் என்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் லிஸ்ட் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) கேஸ் பிளான்ட் அண்ணனிடம் கேட்டேன். "நம்மகிட்ட லீக் எல்லாம் கிடையாது மேடம், முள்ளு அசையவே இல்ல பாருங்க" என்றார். அழுத்தம் காட்டுகிற முள் அசையாதுதான். நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை மேலே உள்ள வாயுவின் அழுத்தம் 750 பிஎஸ்ஐ பக்கத்திலேயே நிற்கும். முக்கால் சிலிண்டர் போனாலும் முள் அங்கேதான். திரவம் தீர்ந்த பிறகு மளமளவென்று இறங்கும். ஆக்சிஜனில் அழுத்தத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லலாம். நைட்ரஸைத் தராசில் வைத்தால்தான் தெரியும். (நம்மூர் மே மாதத்தில் அறை 36.5 டிகிரியைத் தாண்டினால் திரவமே இருக்காது, அப்போது கணக்கு வேறு. இது டிசம்பர்.)

ஆகவே தராசு. சனிக்கிழமை கடைசி ஆபரேஷன் முடிந்ததும் ஓடுகிற சிலிண்டரைக் கழற்றி எடை போட்டு மறுபடி மாட்டுவது, ஞாயிற்றுக்கிழமை எமர்ஜென்சியில் யாரும் நைட்ரஸ் தொடக்கூடாது என்று சொல்லிவைப்பது, திங்கள் காலை மறுபடி எடை. அண்ணன் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

15 டிசம்பர்

எடை குறைந்திருக்கிறது. கிலோக் கணக்கில். ஆள் இல்லாத தியேட்டருக்கு மயக்கம் கொடுத்திருக்கிறோம்.

அண்ணன் சோப்புத் தண்ணீர் கரைத்து பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தடவினார். மேனிஃபோல்டிலேயே சிலிண்டரிலிருந்து வரும் வளைகுழாயின் நட்டில் குமிழி மெதுவாக ஊதி உடைந்தது. அதை இறுக்கினார். தியேட்டர் சுவரில் பிளக் சொருகுகிற அவுட்லெட் ஒன்றில் இன்னொன்று, உள்ளே இருக்கிற வாஷர் காய்ந்துபோயிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுகிற குழாயை யார் தடவுவது? அங்கே அப்படியே விட்டோம்.

18 டிசம்பர்

முதல் கேள்வியில் இருந்த "முதுகில் ஊசி" விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பைனலில் வாயுவே இல்லை, ஆகவே சுத்தம் என்பது வாதம். நானும் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

2021-ல் மெல்பர்னிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முழங்கால் மாற்று ஆபரேஷன், 29 பேர், சிறிய ஆய்வுதான். முழு மயக்கம், ஸ்பைனல், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று வகையாகப் பிரித்து, மருந்து, பிளாஸ்டிக், கரண்ட் எல்லாவற்றையும் கூட்டினார்கள். முழு மயக்கம் சராசரி 14.9 கிலோ, ஸ்பைனல் 16.9, இரண்டும் சேர்ந்தது 18.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்பைனலில் எங்கே போகிறது என்றால் ஆக்சிஜன், ஸ்டெரைல் செட்டும் துணியும் துவைத்து ஆட்டோகிளேவ் போடுவது, பிளாஸ்டிக், நோயாளிக்குச் சூடு கொடுக்கிற ஹீட்டர். ஆஸ்திரேலியாவில் கரண்டுக்குப் பெரும்பாலும் நிலக்கரி என்பதும் சேர்த்தி. நமக்கும் அதே கதைதான்.

ஆனால் அந்த 14.9 எப்படி வந்தது என்று பாருங்கள். நல்ல மெஷின், குறைந்த ஃப்ளோ, முக்கியமாக செவோ. நம் பெய்ன் சர்க்யூட் நைட்ரஸ் மயக்கத்தோடு ஒப்பிட்டால் ஸ்பைனல் இன்னமும் எங்கேயோ கீழே இருக்கும். எனவே கொடுமுடியான் சொன்னது நம்மூருக்குப் பொருந்தும், வேறு காரணத்துக்காக.

ஸ்பைனலில் நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம் ஒன்று: ஆக்சிஜன் அளக்கும் விரல் மாட்டியில் 99 காட்டுகிற பெண்ணுக்கும் மாஸ்க் போட்டு 6 லிட்டர் ஆக்சிஜன். எதற்கு என்று கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்". ஆக்சிஜன் என்பதும் மருந்துதான், காற்றிலிருந்து பிரித்தெடுக்கக் கரண்ட் வேண்டும். நோயாளியை வார்டுக்கு மாற்றிவிட்ட பிறகும் ஃப்ளோமீட்டரில் குண்டு மேலே மிதந்துகொண்டிருக்கும், சீறல் சத்தம் காலி அறையில் கேட்கும். 2021-ல் ஆக்சிஜனுக்கு நாம் அலைந்த அலைச்சல் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

21 டிசம்பர்

"ஊசி மயக்கம் மட்டும் கொடுத்தால்?" என்று ஒரு பிஜி மாணவர். புரோபோஃபால் மட்டும் ஓட்டி மயக்கம் கொடுப்பது. அமெரிக்காவில் 2012-ல் வந்த கணக்கு, மருந்தின் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் சேர்த்து, பம்ப் ஓடும் கரண்டையும் சேர்த்து: சூடாக்குவதில் டெஸ்ஃப்ளூரேனோடு ஒப்பிட்டால் புரோபோஃபால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த வகையில் போட்டியே இல்லை.

புரோபோஃபாலின் பாவம் தண்ணீரில். சுலபத்தில் சிதையாது, நீரில் வாழ்பவற்றுக்கு நஞ்சு. நாம் அதை எப்படிக் கொட்டுகிறோம்?

சாயங்காலம் எந்த தியேட்டருக்கும் போய் டிரேயைப் பாருங்கள். பால் மாதிரி பாதி நிறைந்த சிரிஞ்சுகள். ஓர் ஐம்பது கிலோ பெண்மணிக்குத் தூங்கவைக்க 100 மில்லிகிராம் போதும், அதாவது 10 மி.லி. உடைப்பது 20 மி.லி. வயல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி. மீதி 10? அடுத்த கேஸுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அது கொழுப்புக் கரைசல், கிருமி அதில் செழித்து வளரும். 1990-களில் அமெரிக்காவில் இப்படி வைத்துப் போட்டதால் கூட்டம் கூட்டமாக இன்ஃபெக்‌ஷன் வந்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்துவிடப் போகிறார்கள்: ஒரு வயல், ஒரு நோயாளி. மாற்றமே கிடையாது.

மிச்சத்தைக் குறைக்கிற இடம் தியேட்டர் அல்ல, ஸ்டோர். 10 மி.லி. ஆம்பூல் கிடைக்கிறது. சின்ன கேஸுக்கு அதை இன்டென்ட் போட்டால் முடிந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் 50, 100 மி.லி. பாட்டில்களை எடுத்துவிட்டு 20 மட்டும் வைத்ததிலேயே வீணாவது பெருமளவு விழுந்தது என்று அதே 2012-ல் எழுதியிருந்தார்கள். மருந்தை மாற்றவில்லை, டாக்டரை மாற்றவில்லை, பாட்டிலை மாற்றினார்கள்.

22 டிசம்பர்

தியேட்டர் சிஸ்டர் ஒருவர் (பெயர் 'செம்பருத்தி' என்று இருக்கிறது) நேற்றைய குறிப்புக்கு எழுதியது: "நீங்கள் டாக்டர்கள் லோட் பண்ணி வை லோட் பண்ணி வை என்று காலையில் சொல்லிவிட்டு ராத்திரி நாங்கள்தான் கொட்டுகிறோம். அட்ரோபின், மெஃபென்டெர்மின், ஸ்காலின் எல்லாம் எட்டு மணிக்கே சிரிஞ்சில். ஒன்றும் தொடவில்லை என்றாலும் தூக்கிப் போட வேண்டும்."

சரியான அடி. (அட்ரோபின் நாடித்துடிப்பை ஏற்ற, மெஃபென்டெர்மின் பிபியை ஏற்ற, ஸ்காலின் தசையைத் தளர்த்த.) அவசரத்துக்கு என்று ஏற்றி வைப்பதில் பெரும்பகுதி யார் உடம்புக்கும் போவதில்லை. நான் இப்போது செய்வது: ஆம்பூலை உடைக்காமல் சிரிஞ்சோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டி, லேபிள் எழுதி டிரேயில் வைப்பது. உடைத்து ஏற்றச் சில விநாடி. இதில் எனக்கே முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை கேஸ் என்றால் அட்ரோபினும் ஸ்காலினும் ஏற்றித்தான் வைப்பேன். குழந்தைக்கு நாடித்துடிப்பு விழும்போது அந்தச் சில விநாடி எனக்கு வேண்டும், பூமி காத்திருக்கட்டும். சிசேரியனில் பிபி விழுவது அன்றாடம் நடப்பது, அதனால் மெஃபென்டெர்மினும் ஏற்றிவைத்ததாகத்தான் இருக்கும். மற்றதை உடைக்க வேண்டியதில்லை.

கம்பெனியே நிரப்பி சீல் வைத்த சிரிஞ்ச் வந்தால் இந்தச் சண்டையே இல்லை, மாதக்கணக்கில் கெடாது. விலை? நர்சிங் ஹோம் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு மயக்கம் வரும்.

22 டிசம்பர், இரவு

செம்பருத்தி இன்னொன்றும் கேட்டார், கொட்டுவது எங்கே என்று. சிங்க்கில் அல்ல. மிச்ச மருந்தும் காலாவதியானதும் 2016 மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பை, எரியூட்டிக்குப் போகும். காலி கண்ணாடி வயல், ஆம்பூல் நீலக் குறி போட்ட பெட்டி. நான் புரோபோஃபால் மிச்சத்தைக் காட்டனில் வாங்கி மஞ்சளில் போடுகிறேன். ஃபென்டனில் என்பது போதைக்குப் போகக்கூடிய வலி மருந்து, அதன் மிச்சம் வேறு கதை: யார் எடுத்தது, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு அழித்தது என்று ரிஜிஸ்டரில் இரண்டு பேர் கையெழுத்து.

இதில் ஒரு முரண். 2025-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில் ஃபென்டனில், டிரமடால், டயாசிபாம் உள்பட 17 மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது. வீட்டில் கிடந்தால் குழந்தை எடுத்து வாயில் போட்டுவிடும், போதைக்குப் போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆற்றுக்கு அது நியாயமாகப் படுமா என்று தெரியவில்லை.

3 ஜனவரி 2026

புத்தாண்டு வாழ்த்து எல்லாம் போதும், விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் தடை அமலுக்கு வந்துவிட்டது. வேறு வழியே இல்லை என்று மருத்துவக் காரணம் காட்டினால் மட்டும் டெஸ் கொடுக்கலாம்.

நான் இதுவரை என் துறையையே பேசிக்கொண்டிருந்தேன். சர்ஜன் பக்கம் ஒரு மருந்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை.

கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, நானே கையால் போடுகிறேன். ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காகத் தொடரத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. நம் வார்டில்? சுத்தமான ஹெர்னியாவுக்கு ஐந்து நாள் "கவர்". காலையும் மாலையும் ஊசி, வீட்டுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டு.

உடம்பு அதில் பெரும்பங்கைச் சிறுநீரில் வெளியே தள்ளும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த மருந்து செய்கிற இடம். ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்செரு. அங்கே மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை சாப்பிட்ட ஆளின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அதுவும் சுத்திகரித்த பிறகு.

மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வரைவு கொண்டுவந்தது. 2021-ல் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகளைக் காணோம்.

சர்ஜனைக் குறை சொல்வது எளிது. நான் ஒரு சீஃப் சர்ஜனிடம் கேட்டேன். "புண்ணு பழுத்தா உங்களைத் தேடி வரமாட்டாங்கம்மா, என் வாசல்லதான் நிப்பாங்க" என்றார். ஏசி ஃபில்டர் எப்போது மாற்றினார்கள், ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் சேர்த்து ஐந்து நாள் மருந்து. தியேட்டரை நம்ப முடிந்தால் மருந்து குறையும்.

4 ஜனவரி

ஒரு வாசகர்: "கழுகு செத்ததற்கும் ஆபரேஷனுக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன், அது என்ன?"

உண்டு. அது இந்த இழையில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய கதை. டைக்ளோஃபெனாக். ஆபரேஷன் முடிந்து வலிக்கு நாம் போடுகிற ஊசி. மாட்டுக்கும் போட்டார்கள். போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2004-ல் பாகிஸ்தானில் செய்த ஆய்வில் காரணம் இதுதான் என்று உறுதியானது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. நமக்கு மிச்சம் மோயாறு, முதுமலைப் பக்கம் உள்ளவைதான் முக்கியம்.

2006-ல் மாட்டு டைக்ளோஃபெனாக் தடை. ஆனாலும் நிற்கவில்லை. ஏன்? மனிதர்களுக்கான மருந்து 30 மி.லி. வயலில் வந்துகொண்டிருந்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும். 30 மி.லி. யாருக்குத் தோதாக இருக்கும்? மாட்டுக்கு. மருந்துக் கடையில் மனுச மருந்து என்று வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் மனித ஊசி 3 மி.லி. ஒற்றை டோஸாக மட்டுமே வரவேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. மாட்டுக்கு மெலாக்சிகம் இருக்கிறது, பாறுக்குக் கெடுதல் இல்லை.

மறுபடி பாட்டில் அளவுதான், பார்த்தீர்களா. புரோபோஃபாலுக்கு எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

11 ஜனவரி

பிஜி மாணவர் விடவில்லை. "நூறு வருடச் சராசரி என்பதே தவறான அளவுகோல், டெஸ் 14 வருடத்தில் சிதைகிறது, செவோ ஓரிரண்டு வருடத்தில். கார்பன் டை ஆக்சைடு மாதிரி சேர்ந்துகொண்டே போவதில்லை. உங்கள் பெட்ரோல் கணக்கு ஆளை ஏமாற்றும்."

தம்பி சொல்வதில் சாரம் இருக்கிறது. காலநிலை அறிந்தவர்களிலேயே சிலர் இதைச் சொல்கிறார்கள்: சீக்கிரம் சிதைகிற வாயுவை விடுவது ஒரே அளவில் இருந்தால், காற்றில் அதன் அளவு ஓரிடத்தில் நின்றுவிடும், உலகம் சூடாவதில் அதன் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு. எனவே செவோவை 1 லிட்டரில் ஓட்டுவதா 0.5-ல் ஓட்டுவதா என்று மெஷினோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு முன்பிருந்த வேகம் இப்போது இல்லை. ஃப்ளோ ரொம்பக் குறைந்தால் சோடாலைம் சீக்கிரம் தீரும், அதுவும் குப்பைதான்.

ஆனால் இந்த வாதம் நைட்ரஸுக்கு ஓடாது. அது காற்றில் நூறு வருடத்துக்கு மேல் கிடக்கும். போதாததற்கு ஓசோனையும் அரிக்கும். எந்த அளவுகோலை எடுத்தாலும் நைட்ரஸ் தப்பாது. என் சண்டை அதனோடுதான், அதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

18 ஜனவரி

"எங்கள் நர்சிங் ஹோமில் மெடிக்கல் ஏர் கிடையாது. நைட்ரஸை விட்டால் நூறு சதவீத ஆக்சிஜன்தான். என்ன செய்வது?" என்று ஒரு சக மயக்க மருந்து டாக்டர்.

இதுதான் நம்மூரில் நைட்ரஸ் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம். வலியைக் குறைக்கும் என்பதெல்லாம் அப்புறம். ஆக்சிஜனோடு கலக்க ஏதாவது ஒரு வாயு வேண்டும், காற்றுக் குழாய் இல்லை, இருக்கிறது நைட்ரஸ். சரி, என் வழக்கம்: ஸ்பைனலிலோ, நரம்பை மரக்கவைக்கிற பிளாக்கிலோ முடிகிறதை அதிலேயே முடிப்பது. முழு மயக்கம் என்றால், அந்த பாய்ல்ஸ் மெஷினிலேயே விட்ட மூச்சையே திருப்பிச் சுற்றவிடுகிற, பரணில் கிடக்கிற சர்க்கிள் அப்சார்பரை இறக்கித் துடைத்து, சோடாலைம் போட்டு, ஆக்சிஜனில் ஐசோ ஓட்டுவது. சின்ன கேஸுக்கு நூறு சதவீத ஆக்சிஜனால் பெரிய கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை, நுரையீரலின் அடியில் கொஞ்சம் சுருங்கும், கடைசியில் பையை அழுத்தி விரிக்கலாம். நைட்ரஸோடு குறைந்த ஃப்ளோ மட்டும் வேண்டாம், ஆக்சிஜன் அனலைசர் இல்லாத மெஷினில் அது ஆளையே கொன்றுவிடும்.

செவோவை 2 லிட்டருக்குக் கீழே இறக்காதே, சோடாலைமோடு சேர்ந்து கிட்னிக்கு ஆகாத பொருள் உண்டாகும் என்று படிக்கும்போது சொல்லித்தந்தார்கள். எலியில் நடந்தது, மனிதர்களுக்குக் கிட்னி கெட்டதாகக் காட்ட முடியவில்லை. காரம் குறைந்த புது சோடாலைமில் அந்தப் பொருள் வருவதே அரிது. மூட்டை வாங்கும்போது மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

31 ஜனவரி

பெரிய ஆஸ்பத்திரியின் மேனிஃபோல்டு என்ன ஆயிற்று என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

மயக்க மருந்துத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம், குழாயை மூடிவிட்டு, கேட்கிற தியேட்டருக்கு மட்டும் மெஷினில் சின்ன சிலிண்டர், ஆபரேஷன் முடிந்ததும் சாவி போட்டு மூடுவது என்று. குழந்தைகளுக்கு முகமூடியில் தூங்கவைக்கிற தியேட்டர் மட்டும் வேண்டும் என்றது. சனி, திங்கள் எடைக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வீணாகும் சிலிண்டருக்கு எவ்வளவு ரூபாய் என்று பக்கத்தில் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தேன். பூமி, சூடு என்ற வார்த்தைகளையே அதில் எழுதவில்லை. ரூபாய் மட்டும்.

நிர்வாகி படித்துவிட்டு, இத்தனை லட்சம் போட்டுக் குழாய் இழுத்திருக்கிறோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் நைட்ரஸ் பாயின்ட் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். ஃபைல் அவர் மேஜையில் இருக்கிறது. அதுவரை கேஸ் பிளான்ட் அண்ணன் தன் பொறுப்பில் ஒரு காரியம் செய்கிறார்: சனிக்கிழமை சாயங்காலம் நைட்ரஸ் மெயின் வால்வை மூடிவிட்டு, தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டருக்கு போன் போட்டுச் சொல்கிறார், திங்கள் ஆறரைக்குத் திறக்கிறார். நடுவில் யாருக்காவது தேவை என்றால் மெஷினுக்குப் பின்னால் சின்ன சிலிண்டர் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.